கற்பிக்கக் கற்றல்

ஒரு மொழியை அறிந்திருப்பது ஒரு திறமை. அதனைப் பிறர்க்குக் கற்பிப்பது வேறொரு திறமை. அவ்வாறு கற்பிக்க முன்வருவோரை அப்பணிக்கு ஆயத்தம் செய்வது மூன்றாவதொரு பணி. இந்த மூன்றாவது பணியைப் பற்றியே, மாணவ நண்பர்களே, இன்று உங்களிடம் சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

மாலை வேளைகளில் ஊதியமின்றி ஆங்கிலம் கற்பிக்க முன்வரும் இளைஞர்களுக்குப் பயிற்சி அளிக்கும் வாய்ப்பு சில ஆண்டுகளாக எனக்குக் கிட்டியிருக்கிறது. அவர்களிற் பெரும்பாலோர் உங்களைப் போன்ற கல்லூரி மாணவர்கள். சிலர் அலுவலகங்களில் பணிபுரிவோர். ஓரிருவர் ஓய்வுபெற்ற பெரியோர். அவர்களிடம் கற்க வருவோரோ தையற்காரர், ஆட்டோ ஓட்டுநர், மருத்துவமனைப் பணியாளர், கடைச் சிப்பந்தி எனப் பலதிறத்தினர். பகலெல்லாம் உழைத்துவிட்டு, இரவு உணவுக்கு முன் கிடைக்கும் ஒருமணி நேரத்தை ஒதுக்கி வருகிறவர்கள்.

இவர்களுக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. தாய்மொழி அன்று; ஆயினும் வீட்டு வாயிலைக் கடந்தவுடன் எதிர்ப்படுகிற மொழி. மருந்துச் சீட்டில் அது இருக்கிறது. வங்கிப் படிவத்தில் இருக்கிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும் தாளில் இருக்கிறது. பிரெஞ்சு மொழியை அறியாமலே தமிழகத்தில் வாழ்நாள் முழுவதும் கழித்துவிடலாம். ஆங்கிலத்தை அறியாதவரோ நாள்தோறும் எவரேனும் ஒருவரின் உதவியை நாடி நிற்க நேரிடுகிறது. ஆகவே வயது வந்த ஒருவர் ஆங்கில வகுப்பிற்கு வரும்போது, ஒரு தேவையையும் அதனோடு சேர்ந்த ஒரு கூச்சத்தையும் உடன் கொண்டு வருகிறார். முதல்நாள் வகுப்பில் அந்தக் கூச்சம் பெருகிவிட்டால் மறுநாள் அவர் வரமாட்டார். வராததற்குக் காரணமும் கூறமாட்டார். ஆசிரியரிடம் தீய எண்ணம் சிறிதும் இல்லாதபோதும் இது நேர்ந்துவிடுகிறது. பயிற்சி தேவைப்படுவது இதனாலேதான்.

உலகில் இத்தகைய தொண்டுக்கு ஒரு வரலாறு உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டனாவோ தீவில், லானாவோ என்னும் பகுதியில், ஃபிராங்க் லௌபாக் என்னும் அமெரிக்கர் 1930-ஆம் ஆண்டளவில் அங்குள்ள மக்களுக்கு அவர்களுடைய மொழியிலேயே எழுத்தறிவு புகட்டி வந்தார். பொருளாதார நெருக்கடியால் ஆசிரியர்களுக்கு ஊதியம் கொடுக்கப் பணமில்லாமற் போயிற்று. அப்பொழுதுதான், கற்ற ஒவ்வொருவரும் இன்னொருவருக்குக் கற்பிக்க வேண்டும் என்னும் முறை பிறந்தது. பின்னர், அமெரிக்காவில் சிரக்யூஸ் நகரத்தில் ரூத் கோல்வின் என்னும் அம்மையார், தம் நகரில் 11,000-க்கும் மேற்பட்டோர் எழுதப் படிக்க அறியாதவர்கள் என்ற செய்தியை அறிந்து திகைத்தார். 1962-இல் தம் வீட்டின் நிலவறையிலேயே ஒரு தொண்டு இயக்கத்தைத் தொடங்கினார். கற்பிக்க முன்வந்தோரை அவர் அப்படியே வகுப்பிற்கு அனுப்பிவிடவில்லை. பல்கலைக்கழக வல்லுநர்களின் துணையை நாடி, அவர்களுக்கென ஒரு பயிற்சிமுறையை வகுத்தார். அந்த இயக்கம் பிற்காலத்தில், ஆங்கிலம் பேசாத நாடுகளிலிருந்து குடியேறியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பணியையும் மேற்கொண்டது. அம்மையார் 2024-இல், தம் 107-ஆம் வயதில் மறைந்தார். நம் தமிழகத்திலும், பெருந்தொற்றுக் காலத்தில் குழந்தைகள் இழந்த கல்வியை ஈடுசெய்ய 2021-இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மாலை நேரங்களில் கற்பித்தார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஆர்வம் நம்மிடம் குறைவில்லை. அந்த ஆர்வத்தை நெறிப்படுத்துவது எவ்வாறு என்பதே வினா.

இதற்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பாயிரத்தில், ஆசிரியராதற்குத் தகாதவரை விளக்க நான்கு பொருள்களை உவமையாக வைத்திருக்கிறார். அவை கழற்காய் பெய்த குடம், மடற்பனை, பருத்தி அடைத்த குண்டிகை, வளைந்த தென்னை என்பவை. என் பயிற்சி வகுப்பில் முதலில் நான் எடுத்துக் கூறுவது இந்த நான்கினைத்தான்.

கழற்காய்களை ஒவ்வொன்றாகக் குடத்தில் இடுகிறோம். கவிழ்க்கும்போது அவை இட்ட முறையில் வருவதில்லை. முன்பின்னாகக் கலந்து ஒருசேரக் கொட்டுகின்றன. ஆங்கிலத்தில் சிறந்த மாணவர் ஒருவர் கற்பிக்கத் தொடங்கும்போது பெரும்பாலும் இந்தக் குடமாகவே இருக்கிறார். 'கோ' என்னும் வினையைக் கற்பிக்கத் தொடங்கி, அதன் இறந்த காலத்தைக் கூறி, இறந்த காலத்தின் வேறு வகைகளைக் கூறி, அவற்றின் விதிவிலக்குகளையும் கூறி முடிக்கும்போது, எதிரே இருப்பவர் அந்த முதற்சொல்லையே மறந்திருப்பார். பருத்திக் குண்டிகையோ இதற்கு மறுதலை. பஞ்சைச் சிறிது சிறிதாகவே அதனுள் அடைக்க முடியும். சிறிது சிறிதாகவே வெளியே எடுக்கவும் முடியும். விடை தவறிவிடுமோ என்றஞ்சி, கேட்ட கேள்விக்கு அரைகுறையாக விடை கூறும் தொண்டர் இவ்வகையினர். மடற்பனை தன்மீது எவரையும் ஏறவிடாது. தானாக உதிர்த்தாலன்றிப் பழம் கிடையாது. கேள்வி கேட்பதை விரும்பாத ஆசிரியர் அத்தகையவர். தென்னையை வளர்த்தவன் ஒருவன். அது வளைந்து நின்று காய்களை உதிர்ப்பதோ வேறொருவன் தோட்டத்தில். வகுப்பில் வேகமாக விடையிறுக்கும் இருவரை மட்டும் நோக்கிப் பாடம் நடத்திவிட்டு, பின்வரிசையில் அமர்ந்திருப்பவரை மறந்துவிடும் தொண்டரைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தத் தென்னையே நினைவுக்கு வரும்.

உவமைகளைக் கேட்டு இளைஞர்கள் சிரிப்பார்கள். ஒவ்வொருவரும் தம் பழைய ஆசிரியர் ஒருவரை எண்ணியே சிரிப்பார்கள். தம்மையே எண்ணிப் பார்க்கச் செய்வதற்கு வேறொரு வழி இருக்கிறது. பயிற்சியின் முதல்நாளில், முன்னறிவிப்பு எதுவுமின்றி, அரைமணி நேரம் அவர்களுக்கு மலாய் மொழியில் பாடம் நடத்துவேன். தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. ஒரு புத்தகத்தை உயர்த்திக் காட்டி, "இனி புக்கு" என்பேன். மேசையைச் சுட்டி, "இத்து மேஜா" என்பேன். பின்னர் ஒருவரை நோக்கி, "அப்பா இனி?" என்று வினவுவேன். வகுப்பு சிரித்துவிடும், வினவப்பட்டவர் மட்டும் சிரிக்கமாட்டார். மேடைகளில் ஆங்கிலச் சொற்போரில் பரிசு பெற்ற இளைஞர் ஒருவர், அவ்வாறு எழுந்து நின்று வாய் திறக்க இயலாமல் வியர்த்ததை நான் கண்டிருக்கிறேன். 'அப்பா' என்றால் 'என்ன', 'இனி' என்றால் 'இது', 'இத்து' என்றால் 'அது' என்பதைப் பத்து நிமிடங்களில் அவர்கள் தாமே உய்த்துணர்வார்கள். பாடம் முடிந்தபின், "எப்போது உங்களுக்கு அச்சம் தோன்றியது? எப்போது தணிந்தது?" என்று கேட்பேன். வேகமாகப் பேசியபோது அஞ்சினோம். ஒரே தொடரை நான்கு முறை கேட்டபோது தணிந்தது. பலரும் சேர்ந்து சொன்னபோது துணிவு வந்தது. தனியே எழுப்பியபோது போய்விட்டது. இப்படியெல்லாம் விடைகள் வரும். தொண்டாசிரியர் கைக்கொள்ள வேண்டிய விதிகள் பலவற்றை அன்று அவர்களே வகுத்துவிடுகிறார்கள்.

அந்த மலாய்ப் பாடத்தில் இன்னொரு பயனும் உண்டு. 'இனி புக்கு' என்பதில் இரண்டே சொற்கள். தமிழிலும் 'இது புத்தகம்' என இரண்டே சொற்கள். ஆங்கிலத்திலோ 'திஸ் இஸ் எ புக்' என நான்கு. நடுவே நிற்கும் 'இஸ்', 'எ' என்னும் இரண்டிற்கும் நிகரான சொற்கள் நம் தொடரில் இல்லை. நம்மவர் ஒருவர் 'திஸ் புக்' என்று சொல்லி நிறுத்தினால், அது அறியாமையன்று. தம் தாய்மொழியின் இலக்கணத்தை அவர் செவ்வையாகப் பின்பற்றுகிறார் என்றே கொள்ள வேண்டும். இதை உணர்ந்த ஆசிரியருக்குச் சினம் வராது. எந்த இடத்தில் கூடுதற் பயிற்சி தேவை என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே, ஆங்கிலம் கற்பிக்கப் போகும் தொண்டர்களை நான் முதலில் தமிழ் இலக்கணம் படிக்கச் சொல்கிறேன். இது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சில எடுத்துக்காட்டுகள் கூறுகிறேன்.

தமிழில் ப என்னும் ஓரெழுத்தே இடத்திற்கேற்ப இருவகையாக ஒலிக்கிறது. அதனால் 'பின்' என்னும் குண்டூசிக்கும் 'பின்' என்னும் குப்பைத் தொட்டிக்கும் ஆங்கிலத்தில் உள்ள ஒலிவேற்றுமை நம்மவர் செவிக்கு எளிதில் எட்டுவதில்லை. "உங்களுக்கு இந்த ஒலி வராது" என்று சொல்லிவிடும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அது பிழையான கூற்று. 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் நிற்கும் பகரம் ஒருவகை. மகரத்தை அடுத்து வரும் பகரம் மற்றொரு வகை. இரண்டு ஒலிகளும் நம் நாவில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைப் பிரித்துக் கேட்கச் செவியைப் பழக்குவதே வேண்டுவது. ஐம்பது வயதான ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், தம் வாயிலேயே அந்த ஒலி இருப்பதைப் 'பம்பரம்' என்னும் சொல்லால் கண்டுகொண்டபோது அடைந்த மகிழ்ச்சியை நான் மறக்க இயலாது.

சொல்லின் முதலில் இரண்டு மெய்கள் இணைந்து வருவதைத் தமிழ் மரபு ஏற்பதில்லை. எனவேதான் 'ஸ்கூல்' என்பது 'இஸ்கூல்' ஆகிறது. முதலில் வரும் ஸகரத்தைப் பாம்பு சீறுவது போலச் சற்று நீட்டி ஒலிக்கச் செய்து, பின்னர் 'கூல்' என்பதைச் சேர்க்கச் சொன்னால் இகரம் தானே விலகிவிடும்.

தொடரமைப்பிலும் இத்தகைய இடங்கள் உண்டு. 'வந்தான்' என்ற ஒரே சொல்லில் வந்தவன் ஆண், ஒருவன், பேசுவோனும் கேட்போனும் அல்லாதவன் என்பனவெல்லாம் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலத்தில் எழுவாயைத் தனியே கூறியாக வேண்டும். 'மழை பெய்கிறது' என்பதை 'இட் இஸ் ரெய்னிங்' என்று கற்பிக்கும்போது, "அந்த 'இட்' என்பது எது?" என்று கேட்பவர் அறிவுள்ள மாணவர். 'எனக்குப் பசிக்கிறது' என்னும் நான்காம் வேற்றுமைத் தொடர் 'ஐ ஆம் ஹங்க்ரி' என எழுவாய்த் தொடராக மாறுவதையும் அவர் வியப்போடு கேட்பார். இக்கேள்விகளைத் தொல்லையாகக் கருதாமல், வகுப்பின் செல்வமாகக் கருதத் தொண்டர்களைப் பழக்க வேண்டும்.

இனி, பயிற்சியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். தொண்டர் கற்பிக்கும்போது நான் பின்வரிசையில் அமர்ந்து கவனிப்பது வழக்கம். என் கையில் ஒரு கடிகாரமும் ஒரு தாளும் இருக்கும். ஆசிரியர் பேசிய நேரத்தை ஒருபுறமும் கற்போர் பேசிய நேரத்தை மறுபுறமும் குறித்துக்கொள்வேன். பொறியியற் கல்லூரி மாணவர் ஒருவர் நடத்திய வகுப்பு நன்றாக நினைவிருக்கிறது. கற்க வந்தவர்கள் ஐவர். அவர்களுள் தையற்கடை நடத்தும் அம்மையார் ஒருவரும் இருந்தார். வகுப்பு முடிந்ததும் அந்த இளைஞர் என்னிடம் வந்தார்.

"நன்றாக விளக்கினேன் அல்லவா, ஐயா?" என்று கேட்டார்.

"மிக நன்றாக விளக்கினாய், தம்பி. அந்த அம்மா இன்று எத்தனை தொடர்கள் பேசினார்?"

அவர் சற்று எண்ணிப் பார்த்தார். "அவர் அதிகம் பேசவில்லை. ஆனால், புரிகிறதா என்று கேட்டேன். புரிகிறது என்று தலையசைத்தார்."

தாளை அவரிடம் கொடுத்தேன். நாற்பது நிமிட வகுப்பில் முப்பத்து நான்கு நிமிடங்கள் அவரே பேசியிருந்தார். அம்மையார் பேசியது ஒரு நிமிடத்திற்கும் குறைவு. அந்தத் தாளை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவருடைய வகுப்பில் நான் குறித்துவைத்த குறைகள் வேறு சிலவும் இருந்தன. அவற்றை நான் கூறவில்லை. "அடுத்த வகுப்பில் ஒரே ஒரு மாற்றம் செய். நீ ஒரு தொடர் சொன்னால், அவர்கள் ஐந்து தொடர்கள் சொல்லட்டும்" என்றேன். அவ்வளவே.

பயிற்சி அளிப்பவர் மனத்திற் கொள்ள வேண்டிய நெறி இது. தொண்டரும் ஒரு மாணவரே. பத்துக் குறைகளை ஒருங்கே அடுக்கினால் அவர் ஒன்றையும் திருத்தமாட்டார். அடுத்த வாரம் வராமலும் இருந்துவிடலாம். முதலில் அவரே தம் வகுப்பைப் பற்றிக் கூறட்டும். நன்றாக அமைந்த ஒன்றைப் பெயர் சொல்லிச் சுட்ட வேண்டும். பின்னர் மாற்ற வேண்டிய ஒன்றை மட்டும் கூற வேண்டும். கற்போரிடம் தொண்டர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அவ்வாறே நாம் தொண்டரிடம் நடந்துகொள்ள வேண்டும்.

"புரிகிறதா?" என்னும் கேள்வியை நான் தொண்டர்களின் அகராதியிலிருந்தே நீக்கிவிடச் சொல்கிறேன். அதற்கு 'ஆம்' என்னும் ஒரே விடைதான் உண்டு. புரிந்ததா என்பதைச் செயலாற் காண வேண்டும். மருந்துச் சீட்டைக் கொடுத்து, "இரவில் எத்தனை மாத்திரை?" என்று கேட்க வேண்டும். பேராசிரியர் என். எஸ். பிரபு அவர்கள் 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய இடங்களிலுள்ள பள்ளிகளில் நடத்திய ஆய்வு இங்கே எண்ணத்தக்கது. இலக்கண விதிகளைத் தனியே கற்பிப்பதை விடுத்து, புகைவண்டிக் கால அட்டவணை போன்றவற்றைக் கொடுத்து, எந்த வண்டியிற் போகலாம் என்று மாணவர்களை ஆராயச் செய்தார். கருத்து முழுவதும் செயலில் ஈடுபட்டிருக்கும்போது மொழி உள்ளே படிகிறது என்பது அவர்தம் கொள்கை. அதனை முற்றிலும் ஏற்காதோர் உண்டு. எனினும், வயது வந்தோர் வகுப்பில் அந்தக் கால அட்டவணைக்கு நிகரான கருவியை நான் கண்டதில்லை.

அந்தத் தையற்கடை அம்மையாரின் செய்தியை முடித்துவிடுகிறேன். அவர் கடைக்கு அருகில் வேறு மாநிலத்தார் பலர் குடியிருந்தனர். அவர்கள் தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேசினால், பள்ளியிற் படிக்கும் தம் மகளிடம் கொடுத்துவிடுவார். மகள் இல்லாத வேளையில் மணியடித்தால் எடுப்பதே இல்லை. இதனால் வேலை சில கைநழுவிப் போயின. இதை அறிந்தபின் அந்த இளைஞர் பாடநூலை மூடிவைத்துவிட்டு, தொலைபேசி உரையாடல்களையே மூன்று வாரம் பயிற்றினார். ஒருநாள் வகுப்பின் நடுவிலேயே மணியடித்தது. அம்மையார் ஒருகணம் தயங்கினார்; பின்னர் எடுத்து, "ப்ளௌஸ் ரெடி. கம் ஃப்ரைடே" என்றார். மறுமுனையில் இருந்தவர் நன்றி கூறியது எங்கள் செவியிலும் விழுந்தது. இளைஞரின் உதடுகள் அசைந்தன. விடுபட்ட 'இஸ்' அவர் நாவின் நுனியில் இருந்தது. ஆயினும் அவர் வாய் திறக்கவில்லை. அந்தத் தொடரை அடுத்த வகுப்பிற்கு முதற் பாடமாக வைத்துக்கொண்டார். அன்று அவர் ஆசிரியராகிவிட்டார் என்பது என் கருத்து.

பிழைகளைத் திருத்தவே கூடாது என்று நான் கூறுவதாக எண்ணிவிடாதீர்கள். பொருளைக் கெடுக்கும் பிழையை உடனே திருத்த வேண்டும். பொருள் கெடாத பிழையைக் குறித்துக்கொண்டு உரிய நேரத்தில் திருத்தலாம். நாளையும் நேற்றும் மாறிப்போனால் துணி கிடைக்காது. ஒரு 'இஸ்' விடுபட்டால் துணி கிடைத்துவிடும்.

வகுப்பில் தமிழ் பேசலாமா என்று தொண்டர்கள் கேட்பதுண்டு. ஒரு சொல்லின் பொருளை விளக்கப் பத்து நிமிடம் சைகை காட்டுவதைவிடத் தமிழில் ஒரு சொல் கூறுவது மேல். பயிற்சி மட்டும் ஆங்கிலத்தில் நடைபெற வேண்டும். இதனினும் முக்கியமானது ஒன்று உண்டு. ஆங்கிலம் அறிந்தவர் உயர்ந்தவர், அறியாதவர் தாழ்ந்தவர் என்னும் எண்ணத்தின் நிழல்கூட வகுப்பில் விழலாகாது. நம்முன் அமர்ந்திருப்பவர் தம் தொழிலில் வல்லவர். தம் மொழியில் நயமாகப் பேசக்கூடியவர். அவருக்கு இன்னொரு கருவி தேவைப்படுகிறது, அவ்வளவே.

பயிற்சி ஒருநாளில் முடிந்துவிடுவதன்று. இதற்கு நம் மாநில வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. அந்நாளைய சென்னை மாநிலத்தில் 1959-இல் தொடங்கி, தொடக்க வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் 27,000 பேருக்கு மறுபயிற்சி அளிக்கும் முயற்சி ஒன்று நடைபெற்றது. முதலில் சிலரைப் பயிற்றி, அவர்களைக் கொண்டு பலரைப் பயிற்றும் முறை அது. உருள உருளப் பெருகும் பனிப்பந்தின் பெயராலே அதனை அழைத்தார்கள். எண்ணிக்கையைப் பெருக்க அதைவிடச் சிறந்த வழியில்லை. ஆனால் இம்முறையில் ஓர் இடர் உண்டு. ஒருவர் சொல்லி மற்றொருவர் கேட்டு அவர் வேறொருவர்க்குச் சொல்லும்போது, செய்முறை தேய்ந்து, வெறும் விதிகளே எஞ்சிவிடும். "கற்போரைப் பேச விடுங்கள்" என்று ஒருமணி நேரம் தாமே பேசும் பயிற்சியாளர்களை நான் கண்டிருக்கிறேன். இந்தத் தேய்வைத் தடுக்க ஒரே வழி, தொண்டரின் வகுப்பிற்கு மீண்டும் மீண்டும் சென்று பின்வரிசையில் அமர்வதுதான்.

மாணவ நண்பர்களே, உங்களிற் சிலரேனும் இத்தொண்டினை மேற்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். பெரிய ஏற்பாடுகள் வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு மாலை, ஒரே ஒரு மாணவர், அவருக்கு உண்மையில் தேவைப்படும் ஒரு தாள் அல்லது ஓர் உரையாடல்; இவை போதும். வருவதாகச் சொன்ன நாளில் தவறாமல் வந்துவிடுங்கள். உழைத்துக் களைத்தவர் ஒருவர் உங்களுக்காகப் பூட்டிய கதவின் முன் காத்திருக்கும்படி ஒருபோதும் நேரக்கூடாது. உங்கள் வகுப்பை ஒருவர் வந்து கவனிக்க இசைவு கொடுங்கள். அவர் உங்கள் கையில் ஒரு தாளைக் கொடுத்தால், இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கற்போர் பேசிய நேரம் வாரந்தோறும் சிறிதேனும் வளர்ந்து வருமாயின், நீங்கள் சரியான வழியிற் செல்கிறீர்கள்.